இரும்பை விழுங்கிய புன்னை

அன்பு மகள் கலைக்கு,

நேற்று நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைத்திருப்பாய். கோபம் இல்லையம்மா, பதில் இல்லை. "நைனா, நாயித்துக்கெழம கூட்டத்துல நீ கம்முனு இரு. நீ எது சொன்னாலும் என் தலையிலதான் விடியும்" என்று சொன்னாய். வேலை பார்த்த காலமெல்லாம் வகுப்பில் நின்று பேசியவன்தான் நான். ஆனால் பெரியவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். பேச வேண்டியதை முதலில் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு அது என்னவென்றே புரியும். அதனால் எழுதுகிறேன். நாளைக்குக் கூட்டம். நான் பேசப்போகிறேனா, இல்லையா என்பது இந்த வரியை எழுதும் நேரத்தில் எனக்கே தெரியவில்லை. இதை உன் மாமியார் வீட்டில் நீ உரக்கப் படித்தாலும் எனக்குச் சம்மதம். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

நம் குப்பத்துக்கும் நீ வாழப்போன குப்பத்துக்கும் ஏரியில் ஒரே ஒரு எல்லைதான். நம் கரையிலுள்ள விளக்குப் புன்னைக்கும், எதிரே மணல்மேட்டு அம்மன் கோயில் கோபுரத்துக்கும் நேராக ஒரு கோடு. கோட்டுக்கு வடக்கே இருக்கும் நீர் நமக்கு, தெற்கே இருப்பது உங்களுக்கு. அந்தந்த நீருக்குள் எந்த வீட்டார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைப்பதைத்தான் பாடு என்கிறோம். பாடு பிரிக்கும் நாளில் இரண்டு ஊரிலும் முதலில் சொல்வது இந்தக் கோட்டைத்தான். எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்களோ. மரத்தில் தொங்கிய விளக்கு எப்போதோ போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர் இன்று எவரும் உயிரோடு இல்லை. ஆனால் நம் கிணற்றுக்குப் பின்னால் நின்ற புன்னை ஒன்றல்ல, இரண்டு. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டின் தலையும் ஒன்றோடொன்று கலந்து, ஏரியிலிருந்து பார்த்தால் ஒரே பச்சைக் குன்று போலத் தெரியும். அதனால் எது விளக்குப் புன்னை என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. போன மழைக்காலத்துப் புயலில் வடக்கு மரம் வேரோடு சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் கேள்வி வந்தது. நிற்கும் தெற்கு மரத்திலிருந்து கோடு போட்டால், நம் கரையை ஒட்டி ஓடும் ஆழமான நீரோட்டம் நமக்கு. விழுந்த வடக்கு மரத்தின் குழியிலிருந்து போட்டால் அது உங்களுக்கு. முகத்துவாரம் திறக்கும்போது இறால் ஏறி வருவது அந்த நீரோட்டத்தில்தான். அங்கே கட்டியிருந்த மாப்பிள்ளையின் வலையைத்தான் போன மாதம் யாரோ அறுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் கரைப் படகு அந்தக் கரைக்குப் போவதில்லை.

நம் ஊரார் சொல்வது பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. தெற்கு மரம் பருத்தது, வடக்கு மரம் ஒல்லி. பருத்ததுதானே மூத்தது என்கிறார்கள். புன்னையைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. புன்னை மெதுவாக வளரும் மரம். உப்புக் காற்றைத் தாங்கும், மணலில் நிற்கும், தன் காலடியில் அலை வந்து போனாலும் சாகாது. ஆனால் உப்பில் நிற்கும் மரம் உயிர் வாழவே தன் பலத்தைச் செலவழிக்கிறது, பருக்க அதனிடம் மிச்சம் இருப்பதில்லை. தெற்கு மரம் கிணற்றோரம். நம் தெருப் பெண்கள் குளித்த நீரும் துணி துவைத்த நீரும் அதற்குத்தான் போயிற்று. நல்ல தண்ணீர் குடித்துக் கொழுத்த மரம் அது. வடக்கு மரத்தின் பட்டையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் இருந்தன. வளைந்த கிளைகளைப் படகுக்கு விலா எலும்பு போல வைக்கிற கட்டைகளுக்காக யாரோ எப்போதோ வெட்டி எடுத்த தழும்புகள் இருந்தன. அந்தத் தழும்புகளைப் பட்டை உதடு போல வந்து மூடியிருந்தது. பழந்தின்னி வௌவால் காயைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போடுமே, அப்படிப் போட்டதில் முளைத்த பிள்ளைதான் தெற்கு மரம் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் நினைப்பது வேறு, தெரிவது வேறு. வளையத்தை எண்ணிப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். குளிரும் பனியும் இல்லாத இந்தக் கரையில் புன்னையின் வளையம் ஒழுங்காக விழுவதில்லை, எண்ணினால் பொய் சொல்லும். ஆகையால் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு விழுந்த மரத்தை அறுக்க ஆள் வந்தான். வேர்க்கட்டைக்கு மேலே, மரம் நின்றபோது ஓர் ஆள் கை தூக்கினால் எட்டியிருக்கும் இடத்தில், அவனுடைய மெஷின் ரம்பம் கிறீச்சென்று கத்தி, பல் தெறித்து நின்றது. புன்னை முறுக்கு நார் உள்ள மரம், ரம்பத்துக்குச் சிரமம் கொடுக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்தச் சத்தம் வேறு. "இன்னா சார் இது, மரத்துக்குள்ள இரும்ப வெச்சி வளத்துருக்கீங்கோ? என் செயின் போச்சே!" என்று கத்தினான். குனிந்து பார்த்தேன். சிவந்து வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குள், பட்டையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஒரு கொக்கியின் வளைவு தெரிந்தது. அதைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. மரத்தில் அடித்த இரும்பு வெளியே வராது. மரம்தான் ஆண்டுக்கு ஆண்டு பருத்து அதை மூடிக்கொண்டு போகும். அந்த ஆழத்துக்கு மூட வேண்டுமென்றால், ஒல்லியாகவே வளர்ந்த இந்த மரம் எத்தனை காலம் எடுத்திருக்கும்? புன்னை எண்ணெய் ஊற்றி விளக்கேற்றித் தொங்கவிட்ட கொக்கி அது. இருட்டில் கரை திரும்புகிறவர்களுக்காகத் தொங்கவிட்டது.

அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இரண்டு மரத்திலும் கொக்கி இருந்திருந்தால்? பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் ஒரு காந்த ஊசிப் பெட்டி கொடுத்தார்களே, அதை எடுத்துக்கொண்டு போனேன். அறுத்த கட்டையின் பக்கத்தில் வைத்ததும் ஊசி திரும்பியது. பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, தெற்கு மரத்தை அங்குலம் அங்குலமாகச் சுற்றி வந்தேன். ஊசி வடக்கை விட்டு அசையவில்லை. கிணற்றடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னா வாத்தியாரே, மரத்துக்கு ஜாதகம் பாக்குறியா? கல்யாணம் கூடி வருதா?" என்று ஒரு குரல். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, விழுந்ததுதான் விளக்குப் புன்னை. தெரியாமல் சும்மா இருப்பது வேறு, தெரிந்துகொண்டு சும்மா இருப்பது வேறு.

அறுத்த ஆள் தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முந்தாநாள் மாலை நம் ஊர்த் தலைவர் வந்தார். திண்டு போலக் கிடந்த அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். உன் அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை வானிலை பற்றிப் பேசினார். பிறகு கட்டையைத் தட்டினார். "வாத்தியாரே, இது காஞ்சிட்ச்சா? ஓட்டல்காரன் வெறகு கேக்கறான்."

"புன்னை சீக்கிரம் காயாது தலைவரே."

"காயலன்னா இன்னா? டீசல் ஊத்துனா எல்லாம் எரியும்" என்று சிரித்தார். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, உன் அம்மா பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு மாசம் ஆச்சில்ல? பிரசவத்துக்கு இங்கதான வருது? தல பிரசவம்மா. அந்த நேரத்துல ஊரு பொம்பளைங்க கூட இருக்கணும். ஊரு கூட இல்லன்னா கஷ்டம்." அவர் குரலில் கடுமை இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அவர் போனதும் உன் அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கட்டைய அன்னிக்கே எரிச்சிருந்தா இந்தப் பேஜாரு வந்துருக்குமா? ஊசிய வெச்சினு சுத்திச் சுத்திப் பாத்தியே, வயித்துல புள்ளைய வெச்சினு அங்க ஒருத்தி கீறான்னு நெனச்சியா?" என்றாள். நினைத்தேன் என்று சொன்னேன். "நெனச்சி இன்னா பண்ணப்போற?" என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தால், உண்மை தெரிந்தும் மறைத்தவனின் மகளை உன் மாமியார் எப்படி நடத்துவாள்? பேசினால், நீ வந்து இறங்கும் கரையில் உன்னைத் தாங்கிப் பிடிக்க ஒரு கையும் இருக்காது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு உன்மேல்தான் வந்து விழுகிறது. நீ சொன்னது சரிதான்.

உனக்கு ஏழு வயசோ எட்டு வயசோ இருக்கும். புன்னைக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்று வகுப்பில் நான் சொன்னதைக் கேட்டு, பச்சைக் கொட்டைகளை அம்மியில் வைத்து நசுக்கிவிட்டு வந்து அழுதாய். ஒரு சொட்டு எண்ணெய் வரவில்லை, நைனா பொய் சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் புகார். பச்சைப் பருப்பில் எண்ணெய் இராது. ஓட்டை உடைத்து, பருப்பை வெயிலில் வாரக்கணக்கில் போட்டு, அது பழுப்பேறிப் பிசுபிசுத்த பிறகுதான் இறங்கும். காய்ந்த பிறகு நீயே ஆட்டிப் பார்த்தாய். பச்சையும் கறுப்புமாக ஒரு கிண்ணம் வந்தது. வாயில் வைக்காதே, குடலைப் புரட்டும், மூட்டு வலிக்குத் தடவலாம், படகுப் பலகைக்குப் பூசலாம், விளக்கெரிக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். நீ கேட்டது ஒன்றுதான்: "மொதல்லயே இத ஏன் நைனா சொல்லல?" எல்லாவற்றையும் காயவைத்துச் சொல்கிறவனாகவே நான் இருந்துவிட்டேன். உன் கல்யாணப் பேச்சு வந்தபோதும் அப்படித்தான். அந்தக் குப்பம் நமக்கு எதிர்க்கரை, பின்னால் சங்கடம் வரலாம் என்று மனதில் பட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை தங்கமான பையன் என்பதால் அந்த மௌனம் எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரவில்லை. எல்லா முறையும் அப்படி அதிர்ஷ்டம் வராது. எழுதி முடித்தால் தெரியும் என்று உட்கார்ந்தேன். இன்னும் தெரியவில்லை. விடிந்தால் கூட்டம். நிறுத்துகிறேன்.

இதுவரை எழுதியது சனிக்கிழமை. இன்று புதன். கூட்டத்தில் நடந்ததை உன் வீட்டார் ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பின்பக்கம் போனால் கட்டையைக் காணோம். அது கிடந்த இடத்தில் புல் வெளுத்திருந்தது. இழுத்துக்கொண்டு போன தடம் தெரு வரைக்கும் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். காட்டுவதற்கு ஒன்றுமில்லை, ஆகவே பேசவும் வேண்டாம். உன் அம்மா என் பின்னால் வந்து நின்று அந்தத் தடத்தைப் பார்த்தாள். சனிக்கிழமை வரை என்னைத் திட்டிய அதே அம்மாதான். "திருடினு பூட்டாங்கோ. நம்ம ஊட்டுக்குள்ளார வந்து" என்றாள். பிறகு உள்ளே போய், என் வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

மணல்மேட்டுக் கோயில் வாசலில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள். உன் மாமனார் முதலில் எழுந்து, விழுந்த மரம்தான் விளக்குப் புன்னை என்றார். நம் தலைவர் எழுந்திருக்கவே இல்லை. "நிக்கிறது மரம். விழுந்தது வெறகு. வெறகுல இருந்து எவனாவது எல்லை போடுவானா?" என்றார். நம் பக்கம் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள்ளேதான் நான் எழுந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். நம் பையன் ஒருவன், யாரென்று சொல்ல மாட்டேன், என்னிடம் படித்தவன்தான், "உக்காரு வாத்தியாரே. பொண்ணு குடுத்த ஊருக்கு சொம்பு தூக்காத" என்று கத்தினான். நான் எழுதிப் பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. உப்பில் நிற்கும் மரம் பருக்காது, வைரம், வளையம் எதுவும் வாயில் வரவில்லை. "விழுந்த மரத்துக்குள்ள விளக்குக் கொக்கி இருக்கு. நான் பார்த்தேன். நிற்கிற மரத்துல இல்ல. அதையும் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

"கட்டை எங்க? காட்டு!" என்றது நம் பக்கத்துக் குரல் ஒன்று.

"காலையில காணோம்."

"புன்னைக்குக் காலு மொளச்சி நடந்து பூட்ச்சா?" மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை உங்கள் பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள்.

அப்போதுதான் உன் மாமனார் என் அருகே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "சம்பந்தி, அப்படியே இதையும் சொல்லிடுங்கோ. கோபுரத்த இடிச்சிக் கட்டும்போது தெக்கால தள்ளிக் கட்டிட்டாங்கோ. பழைய கோபுரம் இன்னும் வடக்கால இருந்துச்சி. நீங்க சின்ன வயசுல பாத்தவரு, படிச்சவரு" என்றார். நான் தலையை ஆட்டியிருந்தால் கோடு இன்னும் வடக்கே ஏறியிருக்கும்.

"எனக்குத் தெரியாது சம்பந்தி."

"இன்னா தெரியாது? இங்கதான வெளயாடுனீங்கோ?"

"விளையாடினேன். கோபுரம் எந்த இடத்துல இருந்ததுன்னு நான் கவனிச்சதில்ல."

"மரத்தப் பத்தி மட்டும் தெரியுதா?"

"அது தெரியும். இது தெரியாது."

அவர் என் கையை விட்டுவிட்டார். உன் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவனாக, தூணைப் பிடித்தபடி நடுவில் நின்றேன். உட்காரவும் தோன்றவில்லை. எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நம் தலைவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வந்து உட்காராமல் நின்றார். என்னைப் பார்க்காமல், கோபுரத்தைப் பார்த்துப் பேசினார். "கட்டை என் ஊட்டாண்டதான் கீது. காலைல உளி வெச்சிப் பொளந்தேன். கொக்கி கீது." நம் ஆட்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். "சொம்பு தூக்குறவனா இருந்தா இப்ப தலையாட்டிருப்பான்ல? ஆட்டலையே!" என்று அவர் அவர்களைப் பார்த்துக் கத்தினார். எல்லைக் கோடு, விழுந்த மரத்தின் குழியிலிருந்துதான் என்று முடிவாயிற்று. கோபுரம் இருக்கும் இடத்தில் இருப்பதாகவும் முடிவாயிற்று.

இதில் நான் ஜெயித்ததாக நினைக்காதே. நீரோட்டம் போனதில் நம் ஊரில் பாடு குறைந்த வீடுகள் இருக்கின்றன, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன் அம்மா கிணற்றுக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சொம்பு தூக்காதே என்றவன் தெருவில் எதிரே வந்தால் திரும்பிக்கொள்கிறான். உன் மாமனார் என்னோடு பேசவில்லை. அங்கே உன் காதில் என்னென்ன விழுகிறதோ, அதற்கும் நான்தான் காரணம். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் தகப்பன், ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை உன்னிடம் எதையாவது கேட்டால், தெரிந்ததைத் தெரியும் என்று சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். இரண்டையும் உடனே சொல். நான் இரண்டாவதை எப்போதும் சொல்லிவந்தேன். முதலாவதைச் சொல்ல இவ்வளவு வயதாகிவிட்டது.

பிரசவத்துக்கு நீ எங்கே இருப்பது என்று திங்கட்கிழமை முழுவதும் நானும் அம்மாவும் பேசினோம். ஊரே முகம் திருப்பிக்கொண்டிருக்கும் இடத்துக்கு உன்னைக் கூப்பிடலாமா? பொன்னேரியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிடலாமா? பஸ் வழியாகச் சுற்றி உன்னை அழைத்துவந்தால் யார் கண்ணிலும் படாமல் வந்துவிடலாமே என்றெல்லாம் நான் திட்டம் போட்டேன். "திருட்டுத்தனமா இட்டார அவ இன்னா கடத்தல் சரக்கா?" என்று அம்மா கேட்டாள். அத்தோடு பேச்சு நின்றது.

இன்று காலை புன்னை நன்றாகப் பூத்திருந்தது. விடியும்போது விரிந்து, வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் குஞ்சமுமாக, வெயில் ஏறுவதற்குள் உதிரத் தொடங்கிவிட்டது. நம் தலைவரின் மனைவி அம்மனுக்கு வைப்பதற்காகத் தினமும் வந்து பொறுக்குவாள். கூட்டத்துக்குப் பிறகு வரவில்லை. இன்று வந்தாள். எங்களைப் பார்க்காமல், முந்தானையில் பூவைச் சேர்த்துக்கொண்டே இருந்தாள். உன் அம்மா வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டு நின்றாள். யார் முதலில் பேசுவது என்று இருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூ முழுவதும் பொறுக்கியான பிறகு, போகிற போக்கில், முதுகைக் காட்டியபடியே அவள் கேட்டாள்:

"பொண்ண எப்ப இட்டாறீங்கோ?"

"அடுத்த வெள்ளிக்கெழம" என்றாள் உன் அம்மா. அப்படி ஒரு தேதியை நாங்கள் பேசி வைக்கவே இல்லை.

"பஸ்ல இட்டாராதீங்கோ. அந்த ரோடு குலுக்கும். படகு வரும்."

அவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். யார் படகு, யார் ஓட்டுவார்கள், ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. படகு வரும் என்பது தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை காலை உங்கள் கரையில் பையோடு நில், கலை. அந்தப் படகில் நானும் இருப்பேன்.

உன் நைனா